நாலு காலுக்கு நாலு பேர்

7 ஜூலை 2025, திங்கள்

பள்ளி முடிந்து ஹபீப் முகம்மதுவோடு சூலியா தெருக் கடையில் தே தாரேக் தேநீர். அடுத்த மாதக் கருத்தரங்கில் நாங்கள் இருவரும் பேச வேண்டும். தலைப்பு: இடைநிலைப்பள்ளி ஆண் ஆசிரியர்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும். பாதி நேரம் சண்டைதான். "தலைய எண்ணுடா சேகர். நம்ம நாடு பெருசு, நாமதான் ஜெயிப்போம்லா" என்கிறான். மடையா, தலையை எண்ணினால் பெரிய நாடு ஜெயிக்காமல் என்ன செய்யும்? நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்ப்பதுதானே நியாயம்? அப்படிப் பார்த்தால் சிங்கப்பூர் ஒரு படி மேலே. இரண்டு பேரும் கணிதம் சொல்லிக்கொடுக்கிறோம், வெட்கக்கேடு. கடைசியில் என் விழுக்காடுதான் நின்றது.

16 ஜூலை, புதன்

எங்கள் பள்ளியில் ஆண் ஆசிரியர்கள் நான்கே பேர். கூடாரம் தூக்குவது முதல் கட்டொழுங்கு வரை எல்லாம் எங்கள் தலையில். இன்றும் மழையில் கூடாரம். "நாலு காலுக்கு நாலு பேர், கணக்கு சரியா இருக்குடா" என்று ஹபீப் சிரித்தான். அவன் பக்கத்து மேசையில் இருப்பதால்தான் இந்தப் பள்ளியில் காலம் ஓடுகிறது.

20 ஜூலை, ஞாயிறு

அக்கரையில் பாகான் டாலாமில் ஹபீப், அவன் மனைவி சுஹானா வீட்டில் விருந்து. திரும்பும்போது ஃபெரிப் படகில் என் மனைவி லெட்சுமி கேட்டாள்: "சுஹானா அவங்க பெரிய அலமாரிய நம்மள எடுத்துக்கச் சொல்றாங்க. சிங்கப்பூர் வீட்டுல எடம் பத்தாதாம். ஹபீப் அண்ணே போறாருன்னு நீங்க ஏன் சொல்லல?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்?

21 ஜூலை, திங்கள்

கார் நிறுத்துமிடத்தில் பிடித்துக் கேட்டுவிட்டேன்.

மார்ச்சில் இருவரும் சேர்ந்துதான் அந்தச் சிங்கப்பூர்ப் பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனோம். ஊர் திரும்பியதும், "நாம போயிட்டா இந்தப் புள்ளைங்களுக்கு யார்டா இருக்கா? வேணாம்னு சொல்லிருவோம்" — சொன்னது யார்? இவன்தான்! நான் வேண்டாம் என்று எழுதிப்போட்டேன். லெட்சுமி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவன் எழுதவே இல்லை.

"இருந்தது ஒரே எடம் மச்சான். அவங்களுக்கு உன்னத்தான் புடிச்சிருந்துச்சு. எனக்கு மூணு புள்ளைங்கடா..."

எனக்கென்று இருந்த இடம். என்னையே என் கையால் விட்டுக்கொடுக்க வைத்திருக்கிறான். பிள்ளைகள் பேரைச் சொல்லி! நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியாது. கேட்டிருக்கலாமில்ல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லடா?

22 ஜூலை

நாலு மாதமாக என் காதில் பூ சுற்றிவிட்டு, என் டப்பாவிலிருந்தே இட்லி எடுத்துத் தின்றிருக்கிறான், பாவி.

2 ஆகஸ்ட், சனி

கருத்தரங்கில் தனியாகத்தான் பேசினேன். அவன் தலை காட்டவில்லை. கேள்வி நேரத்தில் எங்கள் பள்ளி காமினி டீச்சர் எழுந்தார். "ஒரு ஆள் இங்கேருந்து அங்க போனா உங்க விழுக்காடு எவ்வளவு மாறும் சார்?"

"ஒன்னும் மாறாது" என்றேன். அரங்கமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

பக்கத்து மேசை காலி. அலமாரி வேண்டாம் என்று சுஹானாவிடம் சொல்லிவிடும்படி லெட்சுமியிடம் சொன்னேன்.

23 ஆகஸ்ட், சனி

பள்ளியில் கேன்டீன் தினம், திடலில் உணவுக் கடைகள் போடும் நாள். காலையிலேயே மழை. கூடாரத்தை மூன்று பேர் தூக்கினோம். ஆளில்லாத பக்கம் சரிந்து, மேலே தேங்கிய தண்ணீர் மொத்தமும் என் கழுத்தில் கொட்டியது. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. காமினி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நாலாவது காலைப் பிடித்தார். "தூக்குங்க சார், என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" தூக்கினோம். நேராக நின்றது.

சாயந்திரம் ஹபீபிடமிருந்து வாட்ஸ்அப். புது ஆசிரியர் அறைப் படம், டை கட்டிக்கொண்டு சிரிக்கிறான். "இங்க ஆம்பளைங்க நெறைய பேர்டா. உன் விழுக்காடு சரிதான்! அங்க கூடாரத்துக்கு என்ன பண்றீங்க?"

"நாலு காலுக்கும் ஆள் இருக்கு" என்று அனுப்பினேன். பிறகு அவன் எண்ணை நீக்கினேன்.

நாசமாய்ப் போக. அந்த எண் மனப்பாடமாகத் தெரிகிறது.