எட்டை விட்ட பதிவேடு

ஐப்பசி 12, திங்கள்
வாடைக் காற்று. மழை இல்லை. காலை 9.20, மானிப்பாய் வீட்டில், மீனவர் சங்கத்தின் பதிவேட்டுச் செயலியிலிருந்து 1, 2, 3 என்னும் வரிசை எண்ணை ஒழித்தேன். சாட்சி: பூனை.

இனி கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்தின் பதிவுக்கும் தொலைபேசியே குலுக்கி எடுக்கும் முப்பத்தாறு எழுத்து அடையாளம். உலகில் இன்னொன்றுக்கு அதே அடையாளம் விழாதாம். எங்கள் சொந்தக்காரர் பெயர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

காரணம் என் கெட்டித்தனம். சங்கத்துக்கு வள்ளம் விடும் துறை இரண்டு, இரண்டு தொலைபேசி, சிக்னல் வந்தால் வரும். எண்கள் மோதாதிருக்க ஒற்றை எண் கிழக்குத் துறைக்கு, இரட்டை எண் மேற்குக்கு என்று பிரித்திருந்தேன். எட்டாம் எண்ணில் எவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மேற்குத் துறையில் பதிவு எழுதும் றெஜினா எட்டை விட்டு ஒன்பதைக் கையால் அடித்து வந்திருக்கிறாள். ஒன்பது கிழக்குக்குச் சொந்தம். இரண்டு தொலைபேசியின் பதிவுகளையும் சேர்க்கும்போது கிழக்கின் ஒன்பதாம் வள்ளம் நாள்தோறும் பட்டியலிலிருந்து அழிந்திருக்கிறது. எல்லாம் கரைக்கு வந்ததால் யாரும் தேடவில்லை.

ஐப்பசி 13, செவ்வாய்
திரும்பும் பஸ்ஸில் நின்றபடி எழுதுவது. இரண்டு தொலைபேசியிலும் புதுச் செயலி. சோதனைக்கு ஓர் அடையாளத்தை முழுதாகத் திறந்து காட்டினேன்.

றெஜினா: "அண்ணை, உதுக்குள்ளையும் ரெண்டு எட்டுக் கிடக்குதே!"
"ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. பட்டியலிலை பேர் மட்டும்தான் காட்டும்."
"அப்ப கர்த்தருக்கு?"

கிழக்குத் துறைக்குப் புறப்பட்டேன்.

அங்கே யேசுதாசன் அண்ணை, வள்ளக்காரர், திரையில் இருந்த அடையாளத்தை எட்டிப் பார்த்தார். "உதை வாசிச்சு முடிக்க முதல் நான் கடலுக்குப் போட்டு வந்திடுவன், தம்பி."

வாங்க: மின்குமிழ், பூனைக்கு நெத்தலி.

ஐப்பசி 15, வியாழன்
காற்று கடுமை. பகல் பன்னிரண்டுக்கு றெஜினாவின் அழைப்பு. போனது பத்தொன்பது, வந்தது பதினெட்டு. பட்டியலில் மிச்சமிருந்த பெயர் யேசுதாசன். கிழக்கில் ஐந்தாவதாகப் போனவர். பழைய முறையில் ஒன்பது, அழிந்துபோகும் எண்.

"அண்ணை, உது பிழையா இருக்காதோ?"
"இல்லைப் பிள்ளை. ஆக்களை அனுப்பச் சொல்லு."

இரண்டு வள்ளங்கள் தேடிப் போயின. மூன்று மணிக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். இயந்திரம் நின்று, தண்ணீர் ஏறி, மனிதர் ஒரு வாளியோடு இறைத்துக்கொண்டிருந்தாராம்.

நன்றி: தேடிப் போன நால்வருக்கு. உடனே அழைத்த றெஜினாவுக்கு. இந்தக் குலுக்கல் முறையைக் கண்டுபிடித்த யாரோ ஒருவருக்கு. எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

யேசுதாசன் அண்ணையின் அடையாளத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு எட்டுகள். றெஜினாவுக்குச் சொல்லவில்லை.

ஐப்பசி 16, வெள்ளி
காற்று தணிவு. யேசுதாசன் அண்ணையின் இயந்திரம் திருத்தக் கொடுத்தாயிற்று. இன்று கடலுக்குப் போன வள்ளங்கள் பதினெட்டு.