குட்டை இருந்த இடத்தில் உன் பெயர்

அன்புள்ள மாப்பிள்ளை சேவியருக்கு,

நம் கல்லூரியில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அதை உனக்குத் தெரிவிப்பது கல்லூரியின் நூலகர் என்ற முறையிலும் உன் மச்சான் என்ற முறையிலும் என் கடமை. பசுமை வளாகக் குழு சென்ற வாரம் முற்பகல் முழுவதும் கூடி விவாதித்து, குழுக் கூட்டங்களில் இனிமேல் தேநீர் காகிதக் கோப்பையில் வழங்கப்படாது, எவர்சில்வர் டம்ளரில் வழங்கப்படும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பருவநிலை மாற்றத்துக்கு எதிராக இந்த வளாகம் எடுத்திருக்கும் மிகத் துணிச்சலான நடவடிக்கை இது என்றார் முதல்வர். டம்ளருடன் டபராவும் வேண்டுமா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. அதற்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கிறார்கள். தீர்மானம் இன்னும் அமலுக்கு வராததால் அன்றைய தேநீர் காகிதக் கோப்பையில் வந்தது.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். அந்தக் கோப்பைகள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று உனக்குத்தானே தெரியும்.

ஒவ்வொரு ஐப்பசியிலும், மழை பிடிக்கும் முன்னால், விளையாட்டு மைதானத்துக்கும் பின்புறக் குட்டைக்கும் இடையிலுள்ள வாய்க்காலில் நீயே இறங்குவாய். வளாகப் பராமரிப்பு மேற்பார்வையாளர் தானே இறங்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். "மேலருந்து பாத்தா குப்ப மட்டும்தான் தெரியும் மச்சான், அடப்பு தெரியாது" என்பாய். கோப்பைகளையும் பாலித்தீன் பைகளையும் அள்ளிக் கரையில் போடுவாய். தேர்வு நேரத்தில் பையன்கள் வீசிய பிட்டுக் காகிதங்களை எனக்குத் தனியே எடுத்து வைப்பாய். "இந்த வருசம் கெமிஸ்ட்ரி பசங்க கையெழுத்து சூப்பரா கீது, படிச்சிருந்தா பாஸாயிருப்பானுங்க." அந்தக் காகிதங்களில் இரண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மைதானத்து மழை அந்த வாய்க்கால் வழியே குட்டைக்குப் போகும். குட்டையிலிருந்து பக்கத்துக் கிணற்றுக்கு ஊறும். கிணற்றிலிருந்து இரண்டு விடுதிகளுக்கும் உணவகத்துக்கும் தண்ணீர் ஏறும். இதற்கு யாரும் திட்ட அறிக்கை எழுதவில்லை. சனிக்கிழமைதோறும் நீ முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றில் விட்டு, எத்தனையாவது முடிச்சில் தண்ணீர் தொடுகிறது என்று பம்ப் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாய். பத்தொன்பது ஆண்டு எண்கள் அந்தச் சுவரில் இருந்தன. நம் கல்லூரியில் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு நீ என்ன சொன்னாய்? ரோஸியைப் பார்த்துக்கொள் என்று சொல்வாய் என்று நினைத்தேன். "உன் தங்கச்சி என்னயே பாத்துகினா, அவளுக்கு இன்னா? வாய்க்கா மட்டும் அடைச்சிக்காம பாத்துக்க மச்சான்" என்றாய். சரி என்றேன். அது தவக்காலத்தின் மூன்றாம் வாரம்.

இரண்டு ஆண்டுகள் ஆயின. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நீ போன அந்த ஆண்டு மார்கழியில் குட்டை நிறைந்திருந்தது. கல்லூரிக்கு மதிப்பெண் போட்டுத் தரச்சான்று கொடுக்கும் தரக்குழு வரப்போகிறது என்று, அதற்கான ஒருங்கிணைப்பாளர் கோமதிநாயகம் குட்டையைப் படம் எடுத்தார். இப்போதெல்லாம் வெறும் படம் செல்லாது மாப்பிள்ளை. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் படத்தின் அடியிலேயே அச்சாகிவர வேண்டும். வந்தது. படத்தில் ஒரு கொக்குகூட நின்றது. நீர்நிலைப் பராமரிப்புக்கான மதிப்பெண் உறுதியாயிற்று.

அடுத்து, மின்சார வாகனங்களை நிறுத்திச் சார்ஜ் செய்ய இடம் இருந்தால் அதற்கும் மதிப்பெண் என்று கண்டார்கள். வளாகத்தில் இடமில்லை. குட்டைக்கான மதிப்பெண்தான் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறதே என்று ஒருவருக்குத் தோன்றியது. மாசியில் மண் லாரிகள் வந்தன. வாய்க்காலையும் சேர்த்தே மூடினார்கள். நான் நூலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜன்னலைச் சாத்தினேன், தூசி வருகிறது என்று.

அதற்கு உன் பெயரை வைத்தார்கள். சேவியர் நினைவுப் பசுமை வாகன நிறுத்துமிடம். பச்சை எழுத்தில் பலகை, மேலே சோலார் கூரை, ஓரத்தில் ஒரு சார்ஜ் பெட்டி. மழையிலும் வெயிலிலும் பழைய மொபெட்டில் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்துபோன உனக்கு இது பொருத்தமான மரியாதை என்று விழாவில் பேசினார்கள். பேசியவர்களில் நானும் உண்டு. ரோஸி அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து ரிப்பன் வெட்டினாள். பொன்னாடைக்குப் பதில் அவளுக்கு ஒரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். அதைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணே, இது அவரோட குட்டதான?"

"ஆமாம்மா."

"அவர் பேரப் போட்டு அவர் குட்டயவே மூடிட்டாங்களா?"

நான் கன்றை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் மகள் அனிதாவுக்கு உன் அலுவலகத்தில் ஒரு வேலை தருவதாக, உன்னை அடக்கம் செய்த அன்றே வாயால் சொல்லியிருந்தார்கள். அது வாயிலேயே ஓராண்டு இருந்தது. வைகாசியில் ஒரு நாள் கோமதிநாயகம் ஒரு கோப்போடு நூலகத்துக்கு வந்தார்.

"சார், சின்ன கையெழுத்து. 'மேற்படி குட்டை நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது.' ஆவணப் பொறுப்பாளர்னு உங்க பேர் இருக்கு."

"குட்டையத்தான் மூடிட்டோமே சார்."

"படம் எடுத்தப்ப இருந்துச்சுல்ல? அட்சரேகை இன்னும் அங்கேயேதான சார் இருக்கு. அதையா மூடினோம்?"

நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் கோபப்படவில்லை, திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், மரியாதை தெரிந்தவர். கோப்பில் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க தங்கச்சி பொண்ணு ஆர்டரும் இதுலதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணாவே அனுப்பச் சொல்லிட்டாரு முதல்வர். நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

ஊசியின் காது வழியே ஒட்டகம் நுழையாது என்று நாம் கோவிலில் கேட்டிருக்கிறோம். ஒரு கையெழுத்தின் வழியே ஒரு குட்டையே நுழைந்துபோவதை நான் அன்று பார்த்தேன். பேனா என்னுடையதுதான். இழுபறி எதுவும் நடக்கவில்லை.

ஆடியில் தரக்குழு வந்தது. வெயில் கடுமை, நேரமும் குறைவு. ஆகவே குட்டையைக் கருத்தரங்க அறையில் திரையில் பார்த்தார்கள். கொக்கைப் பார்த்து ஒரு பேராசிரியர் மிகவும் மகிழ்ந்தார். பல்லுயிர்ப் பெருக்கம் என்று குறித்துக்கொண்டார். அவர்கள் வந்த கார் அப்போது அந்தக் குட்டையின் மேல்தான் நின்றிருந்தது. அவர்கள் வருவதற்கு முந்திய வாரம் பம்ப் அறைச் சுவருக்கு வண்ணம் பூசி, உலக உருண்டையை இரண்டு கைகள் தாங்குவதுபோல ஓர் ஓவியம் வரைந்தார்கள். உன் எண்கள் இப்போது வலது கைக்கு அடியில் இருக்கின்றன.

அந்த ஆண்டு மழையில் மைதானத்துத் தண்ணீர் வழி தெரியாமல் வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போயிற்று. சென்னீர்குப்பத்தில் பேருந்துக்கு நின்றவர்கள் முழங்கால் வரை நம் கல்லூரித் தண்ணீரில் நின்றார்கள். இந்தச் சித்திரையில் கிணறு அடி தட்டியது. உன் உதவியாளன் டில்லி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

"சார், அண்ணாத்த இருந்தா இன்னா சொல்லுவாரு தெரியுமா? பூமிக்கு பொய் சொல்லத் தெரியாதும்பாரு. டம்ளர்ல டீ குடிக்கப் போறாங்களாமே, அத கழுவறதுக்கு தண்ணி எங்க கீது?"

"துணைக்குழு பார்த்துக்கொள்ளும் டில்லி."

"அவங்க டபராவத்தான சார் பாக்குறாங்க" என்றான்.

அனிதா நன்றாக வேலை செய்கிறாள். உன் மேசை, உன் நாற்காலி. நாற்காலியின் உடைந்த கையை நீ சுற்றிய ஒயர்கூட அப்படியே இருக்கிறது. போன திங்கட்கிழமை பழைய கோப்புகளை அடுக்கியவள், ஒன்றை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள்.

"மாமா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்."

"அப்ப குட்டைய மூடி மூணு மாசம் ஆயிருக்குமே."

"ஆமாம்."

"என் ஆர்டர்லயும் இதே தேதிதான் மாமா இருக்கு."

அவள் உன் மகள். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது என்னவென்று கேட்க மாட்டாள், தானே போட்டுக்கொள்வாள். கோப்பைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ என்ன செய்திருப்பாய் சேவியர்? வேலையை எடுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லியிருப்பாயா? வாய்க்காலைத் தோண்டு என்று என்னிடம் சொல்லியிருப்பாயா? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான் இருந்தாய்.

மறுபடியும் அந்தக் காகிதம் வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் தரச்சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும். எனக்கு ஓய்வு வர மூன்று ஆண்டுகளே இருக்கின்றன. அந்த வீரத்துக்கு வேலையே வராது. ஆகவே அதைக் கொடுக்கவில்லை.

இதைக் கொடுக்கிறேன். சுவருக்கு வண்ணம் பூசும் முன்னால் உன் எண்களை ஒரு நோட்டில் படியெடுத்து, அடியில் குட்டையை மூடிய தேதியையும் எழுதினேன். அது நூலகத்தில் பதிவேட்டு எண்ணோடு அலமாரியில் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். அது இருக்கும்வரை அந்தச் சான்று பொய் என்பது வெளியே தெரிய வழி இருக்கிறது, அதில் என் கையெழுத்து இருப்பதும் சேர்த்து. உன் கயிறு என்னிடம் இருக்கிறது. நான் இங்கே இருக்கும்வரை சனிக்கிழமைதோறும் அதைக் கிணற்றில் விட்டு, முடிச்சை எண்ணி, அந்த நோட்டில் உன் எண்களுக்குக் கீழே எழுதுவேன். ஓய்வு பெறும் நாளில் கயிற்றை டில்லியிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

போன சனிக்கிழமை தொடங்கினேன். அனிதாவும் வந்து கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிறு கடைசி முடிச்சு வரை இறங்கியது. மேலே இழுத்து நுனியைத் தொட்டுப் பார்த்தாள், நனையவில்லை. பிறகு அலுவலகத்துக்குப் போய், தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் செய்து, திங்கள் முதல் தினம் ஒரு நடை கூடுதலாக வரச் சொன்னாள்.

உன் மச்சான்,
அனிதாவின் தாய்மாமன்,
அருளப்பன்