மூன்று சன்னாசிகளில் நீ ஒருவன்

கோப்பெங் தோட்டம்,
பிரபவ வருஷம் ஆவணி மாதம் 12ஆம் தேதி, ஞாயிறு.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் சன்னாசிக்கு, தாய் செல்லாயி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சியும் ஆண்டவன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். சுகமாக இருக்கிறவன்தான் இப்படி எழுதிப் பேப்பரில் போடுவான். தங்கச்சிக்கு மறுபடியும் பெண்தான் பிறந்திருக்கிறது, குழந்தை நல்ல கனம். அப்பாவுக்குப் பழைய இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் பேப்பர் வந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. வழக்கமாகக் கடிதம் எழுதும்போது ஒரு தடவையாவது வாத்தியாரிடம் காட்டிப் பிழை திருத்திக்கொள்வேன். இதை அவரிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது, பிழை இருந்தால் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று துரைசானி எனக்குக் கற்றுக்கொடுத்த எழுத்து இதற்குப் போதும்.

நீ போட்ட அறிவிப்பைப் பத்துத் தடவை படித்துவிட்டேன், பாராமலே சொல்லுவேன். இதனால் சகலருக்கும் அறிவிப்பது, பந்தாட்டத்தில் கோல் காக்கும் சன்னாசியாகிய நான் நாடகத்தில் பெண் வேஷம் கட்டும் வீரம்மா மகன் சன்னாசி அல்ல, அந்த ஆளுக்கும் எனக்கும் யாதொரு உறவும் சம்பந்தமும் கிடையாது, இப்படிக்கு இராமசாமி குமாரன் சன்னாசி. அந்த ஆள் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எட்டு மாதம் பால் கொடுத்தவளின் மகன் அந்த ஆள். காடு அழித்து ரப்பர்க் கன்று நட்ட வருஷம் இந்தத் தோட்டத்தில் பிறந்த பதினொரு பிள்ளைகளில் எட்டைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மிஞ்சின பிள்ளைகளுக்குச் சாமி பேரையே வைக்கிறோம் என்று ஆலமரத்தடியில் கிடந்த சன்னாசிக் கல்லின் முன்னால் தாய்மார் நாங்கள் மூன்று பேரும் மண்டியிட்டு வேண்டிக்கொண்டோம். அதனால்தான் மூன்று பேருக்கும் ஒரே பேர். எனக்கும் காய்ச்சல் வந்து மார் வற்றிப்போனபோது வீரம்மா ஒரு பக்கம் அவனையும் ஒரு பக்கம் உன்னையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவன் அவள் வயிற்றில் ஆறு மாதம். இதெல்லாம் உனக்குத் தெரியாத கதையா. மரத்துக்குக் கீழே உன்னை நிறுத்தி வைத்து நான் சொன்னதுதானே.

மூன்று பேரையும் பிரித்துச் சொல்லத் தோட்டத்தில் அம்மா பேரைச் சேர்த்துத்தான் கூப்பிட்டோம். செல்லாயி சன்னாசி, வீரம்மா சன்னாசி, மாரியம்மா சன்னாசி. கணக்கெழுதும் கிராணி ஒன்று இரண்டு மூன்று என்று செக்ரோல் பதிவேட்டில் எண் போட்டபோதுகூட நீங்கள் எண்ணைச் சொல்லாமல் அம்மா பேரைத்தான் சொன்னீர்கள். லயத்து வீடுகளில் அது யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் பேப்பர் என்பது லயம் இல்லை. ஈப்போவில் இருக்கிறவனுக்கும் பினாங்கில் இருக்கிறவனுக்கும் வீரம்மா யார் என்று என்ன தெரியும். உன் பேருக்கு முன்னால் அப்பா பேரைப் போட்டுக்கொண்டு அவன் பேருக்கு முன்னால் அம்மா பேரை மட்டும் போட்டால் படிக்கிறவன் என்ன நினைப்பான். அப்பன் யார் என்று தெரியாத பிள்ளை என்று நினைப்பான். அப்படித்தான் நினைத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் வீரம்மா மகனுடைய கம்பெனி நாடகம். தோட்டத்து ஜனங்கள் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமென்று சாயங்காலமே ஆட்டம் வைத்திருந்தார்கள். வீரம்மா, மகன் ஆடுவதைப் பார்த்து இரண்டு வருஷம் ஆயிற்று என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் பக்கத்தில் முன்னாலேயே உட்கார்ந்தோம். அவன் பச்சைப் புடவை கட்டி வந்து நின்றபோது நானே ஒரு கணம் யாரோ பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்தேன், நடை அப்படி. புருஷனைப் பறிகொடுத்து அழுகிற இடம். அவன் குரல் எடுத்துப் பாட ஆரம்பித்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன், வீரம்மா மவனே மொதல்ல ஒங்கப்பன் பேரைச் சொல்லிட்டு அழுடா என்றான். கூட்டம் சிரித்தது. இன்னொருத்தன், பேப்பர்லயே போட்டாச்சு அவனுக்கு அம்மா மட்டுந்தான் என்றான். மறுபடி சிரிப்பு. அவன் பாட்டை நிறுத்தவில்லை. கடைசி அடி வரைக்கும் பாடி, கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை, வேறொருவன் அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்து மீதியை ஆடினான். வீரம்மா மடியில் இருந்த வெற்றிலையை நீவிக்கொண்டே இருந்தாள், கிழியும் வரை நீவினாள். ஏன்க்கா இப்படிக் கேக்கறாங்க என்று என்னிடம் கேட்டாள். நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வாயால் நான்தான் சொன்னேன்.

அவன் கம்பெனியை விட்டு வந்துவிட்டான். முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. வேஷத்துக்காக வளர்த்த முடியை வெட்டிப் போட்டுவிட்டுப் புல்வெட்டப் போகிறேன் என்று கங்காணியிடம் பேர் கொடுத்திருக்கிறான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போன வருஷம் தைப்பிங்கில் யாரோ அவனைப் பந்தாட்டக்காரச் சன்னாசி என்று எண்ணிக் கைதட்டினபோது, புடவைக் கட்டோடு ஒரு எலுமிச்சம்பழத்தை உதைத்துக் காட்டிவிட்டு, அது எங்க அண்ணன், பந்து அவங்கிட்ட போனா திரும்பாது என்று சொன்னானாம். அவனை விட நீ இருபது நாள்தான் மூத்தவன். மாரியம்மா மகனை எடுத்துக்கொள். கோப்பெங் கோவிலில் தவில் வாசிக்கிறவனுக்கு, நீ பினாங்கு ஆட்டத்தில் ஜெயித்தபோது தவறிப்போய் ஊர்க்காரர்கள் மாலை போட்டார்கள். அவன் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, அவன் வந்தா குடுத்திர்றேன் என்றானாம். அவன் வியாழக்கிழமை இங்கே வந்து, பெரியம்மா, எனக்கும் ஒரு நோட்டீசு போடச் சொல்லுங்க, தவில் அடிக்கிறவனும் நான் இல்லேன்னு, ரெண்டு பந்து புடிச்சதும் சாமி குடுத்த பேரு அவனுக்கு மட்டும் பட்டா ஆயிருச்சா என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

இதில் என் குற்றமும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். தஞ்சோங் ரம்புத்தானில் உனக்கு நல்லம்மாளைப் பார்த்துப் பேசி முடிக்கிற சமயத்தில், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவள் அப்பா உடையப்பன் பாசார்க் கடைத்தெருவில் ஒட்டியிருந்த நாடக நோட்டீசைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை சேலை கட்டுறவராமே, எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் கேக்கறாங்க தங்கச்சி என்றார். எனக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் ஆடி மாதம், எப்படியாவது இந்தக் குழப்பத்தைத் தீர்த்துத் தொலை என்று உனக்கு எழுதினேன். அது வேறு சன்னாசி, அவனும் நம் பிள்ளைதான் என்று அன்றைக்கே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள் நான், அது உனக்குத் தெரியும். அந்தக் கூச்சம் ஒருத்தியின் மானத்தில் போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தீர்த்துத் தொலை என்றால் அறுத்துப் போடு என்று அர்த்தமில்லை. நான் ஆடுகிற நாடகக்காரன் இல்லை, அவன் என் தம்பி என்று எழுதியிருந்தால் உன் கை தேய்ந்தா போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதிக் கொடுத்தவன் யாராக இருந்தாலும் சரி, கையெழுத்து உன்னுடையது.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போனோம். உடையப்பன் உன் அறிவிப்பைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், வருகிறவனுக்கெல்லாம் காட்டுகிறாராம். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன், பால் கொடுத்ததையும் சேர்த்து. நடுவில் நிறுத்தவே இல்லை. அவர், அதெல்லாம் இப்ப எதுக்கு, பேப்பர்லயே சம்பந்தம் இல்லேன்னு வந்திருச்சில்ல, கல்யாணத்துக்கு நாள் குறிப்போம் என்றார். அப்போது காப்பி கொண்டுவந்த நல்லம்மாள், தலையை நிமிர்த்தாமலே, அந்த வேஷக்காரருக்கு இப்ப ஆட்டம் இருக்கா, நின்னு போச்சா என்று கேட்டாள். அந்த வீட்டில் அவனைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பெண் நல்ல பெண். அவளுக்கு நீ ஏற்றவன்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எழுதினதை என் மகன் திருத்துகிற வரைக்கும் தாம்பூலம் மாற்றுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் வழியில் அப்பா வாயைத் திறந்து, சரியாச் சொன்ன என்றார். இத்தனை நாளில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

இனிமேல் சொல்லப்போவதை நின்று நிதானமாகப் படி. வீரம்மாவுக்கு உன்மேல் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா, பிள்ளைக்கு எங்க வீட்டுக்காரர் பேரு தெரிஞ்சிருக்காதுக்கா, அது பொறக்கறதுக்கு முன்னயே அவுரு போயிட்டாரு, நாந்தான் ஒரு நாளும் வாயால சொன்னதில்லையே, தெரிஞ்சிருந்தா போட்டிருக்கும், போயிச் சொல்லிட்டு வாரேன் என்கிறாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று செத்த பிறகும் இருபத்துநாலு வருஷமாக அவள் அந்தப் பேரை உச்சரித்ததில்லை. ஒரு தாளைக் கொண்டுவந்து அந்தப் பேரை என்னை எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் மேலே என்று கேட்டு, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கோப்பெங்கைத் தாண்டி ஈப்போவுக்கு மேல் போயறியாதவள் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூருக்கு ரயில் ஏறுகிறாள். அங்கே ஒரு கோவில் திருவிழாவுக்குப் போகிற மாரியம்மா மகன் துணைக்கு வருகிறான். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடாமல் அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். நலம் விசாரித்து எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே இதை நீ படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் நிற்பாள். முதலில் உட்கார வை. ரயிலில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள், சோறு போடு, மீன் வேண்டாம், அவளுக்குப் புரட்டாசி முடிகிற வரைக்கும் விரதம். பிறகு இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. என் குற்றத்தை எழுதிய இடத்தையும் விடாதே, உன்னைத் திட்டின இடத்தையும் விடாதே. அவள் நடுவில், போதும் விடுப்பா என்பாள், நிறுத்தாதே. மறுநாளே பேப்பர்க்காரனிடம் போய், நாடகத்தில் ஆடும் சன்னாசி என்னோடு ஒரே மாரில் பால் குடித்த தம்பி என்று அவன் அப்பா பேரோடு எழுதிக் கொடு.

முந்தானை முடிச்சை அவள் அவிழ்க்கும்போது அந்தப் பேர் என்ன என்று அவளிடம் கேட்காதே. அவள் சொல்லமாட்டாள். தாளை வாங்கி நீயே பார்த்து, அவள் காதில் விழும்படி நீயே சொல்லு. அவள் அதைக் கேட்டு இருபத்துநாலு வருஷம் ஆகிறது.

சன்னாசி ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும். ஆட்டம் முடிந்து வியர்வையோடு குளிக்காதே. அவளைத் திரும்ப ரயில் ஏற்றும்போது ஜன்னல் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார வை.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாகவே இருக்கும் அம்மா,
செல்லாயி.