இனியாவின் இரண்டு நிமிட வீடியோ

ஜனவரி 19, திங்கள்

பனி. ஏழரை மணிக்கும் எதிர்வீட்டு கேட் தெரியவில்லை. இனியாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு லேபுக்குப் போகப் பத்து நிமிடம் தாமதம். மதியத்துக்குள் பதினான்கு பேருக்கு ரத்தம் எடுத்தாயிற்று.

மாலை ஏழுக்கு வீட்டுக்காரர் போன். மஸ்கட்டில் அப்போது ஐந்தரை, சைட்டிலிருந்து திரும்பும் வேனுக்குள் இருந்தே பேசுவார். கம்பெனி குடும்ப வீடு கொடுத்துவிட்டதாம். ஏப்ரலில் நாங்கள் போகலாம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி, இனியாவுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம்.

"சீட் உறுதியானாத்தான் டிக்கெட் போடுவேன் சுதா. பிள்ளைய படிக்க வைக்காம வீட்ல உக்கார வச்சுக்கிட்டு என்ன பண்றது? கெடைக்கலன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம். இரண்டு வருஷமாக இதே பாட்டு.

மூன்று பள்ளிகள்:
இந்தியப் பள்ளி - பக்கத்திலேயே. இடமில்லை. பட்டியலில் நூற்றுச் சொச்சம் பேருக்குப் பின்னால் நாங்கள்.
பெ.ப. (பெரிய பள்ளி) - இன்டர்நேஷனல். நீச்சல் குளம், நாடக மேடை, குதிரைகூட இருக்கிறதாம். இவருடைய மேனேஜர் பிள்ளைகள் அங்கே. இவருக்கும் அதன்மேல்தான் கண்.
சி.ப. (சின்னப் பள்ளி) - அதுவும் இன்டர்நேஷனல்தான். வகுப்புக்குப் பதினாறு பேர். பஸ்ஸில் நாற்பது நிமிடம். "அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்" என்கிறார்.

பெ.ப. படிவம் பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பிள்ளைக்குப் பேச்சு, மொழி, கற்றல் தொடர்பாக ஏதாவது உதவி தேவையா? ஆம் / இல்லை.

அங்கேயே நின்றுவிட்டேன். சாம்பார் அடிப்பிடித்தது.

ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. கேஸ் சிலிண்டர் வந்தது.

இங்கேயாவது உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கிறேன். இனியாவுக்கு ஆறு வயது. என்னோடு பேசுவாள். அண்ணி (இவருடைய அக்கா) மகள் ரோஷினியோடு பேசுவாள். வேறு யாரோடும் பேசமாட்டாள். வீட்டில் வாய் ஓயாது, ரப்பர் செருப்புக்கெல்லாம் பெயர் வைத்து மிரட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் போதும், பேச்சு நின்றுவிடும். அப்பாவிடமும் அப்படித்தான். வீடியோ காலில் பல்லைக் காட்டுவாள், வரைந்ததைக் காட்டுவாள். குரல் வராது. அவர் ஊரை விட்டுப் போனபோது அவளுக்கு நாலு வயது.

பள்ளியில் மிஸ் சொல்வது: "தங்கமான பிள்ளைங்க. சத்தமே கெடையாது." இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத பிள்ளைக்கு இது பாராட்டு.

குழந்தை டாக்டர் சொன்னது: காது சரி, புத்தி சரி. வெளியாள் முன்னால் பயத்தில் பேச்சு அடைத்துக்கொள்கிறது. வற்புறுத்தாதீங்க. பழக்குறதுக்குன்னே ஆள் இருக்காங்க, புதுச்சேரி போய்ப் பாருங்க.

இவர் சொன்னது: "கூச்சம்தான். எங்க அக்காவும் சின்னதுல அப்படித்தான்." அண்ணி இப்போது பேசுகிற பேச்சைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

புதுச்சேரி போகவில்லை. அம்பகரத்தூரில் அம்மனுக்கு மாவிளக்கு போட்டேன். அதற்கு லீவு கிடைத்தது, இதற்குக் கிடைக்கவில்லை. என்ன பெண் நான்.

ஏழாம் பக்கத்தில் 'இல்லை' போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

பெ.ப. பதில் காலையிலேயே. பிள்ளை தன்னைத் தானே அறிமுகப்படுத்தும் வீடியோ வேண்டும். ஆங்கிலத்தில், இரண்டு நிமிடம். நாளைக்குள்.

மாலை மூன்று தடவை முயன்றேன். போனைத் தூக்கினாலே உதடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது தடவை கத்திவிட்டேன். அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து, அடியிலிருந்தே, "அம்மா, பசிக்குது."

வற்புறுத்தாதீங்க என்றார் டாக்டர். ஊரார் கையில் நரம்பு தேடிப் பிடிக்கத் தெரிகிறது எனக்கு. பெற்ற பிள்ளையிடம் தெரியவில்லை.

வாங்க: அரிசி மாவு, பேட்டரி, இனியாவுக்கு வெள்ளை சாக்ஸ்.

ஜனவரி 22, வியாழன்

அரை நாள் லீவு. அண்ணி ரோஷினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். யோசனை அண்ணியுடையது. செய்தது நான்.

"பிள்ளை குனிஞ்சு படம் வரையிற மாதிரி எடு. முடிய முன்னாடி தொங்க விடு, வாய் தெரியாது. பேசறத நம்ம ரோஷினி பேசிட்டுப் போவுது. ஒரே ரத்தம், ஒரே கொரல். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

ரோஷினி இரண்டாம் வகுப்பு. மைக் பார்த்தால் விடாத பிள்ளை. இனியா கூடத்தில் மயில் வரைந்தாள், படம் எடுத்துக்கொண்டேன். பிறகு ரோஷினியை மாடிக்குக் கூட்டிப்போய்க் குரலைப் பதிவு செய்தேன். "ஹலோ, மை நேம் இஸ் இனியா." தடுமாறாமல், தயங்காமல், ஒரே மூச்சில். "அத்தை, இன்னொரு தடவ சொல்லவா? இன்னும் நல்லா சொல்வேன்."

போனிலேயே ஒட்டிவிட்டேன். கச்சிதமாக இருந்தது. கச்சிதத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பெருமைகூடப் பட்டேன். வெட்கக்கேடு.

பெ.ப.வுக்கு அனுப்பினேன். அவருக்கும். உண்மையைச் சொல்லாமலே.

பத்து நிமிடத்தில் போன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "பேசிட்டா சுதா. எம்மவ பேசிட்டா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்றேன்.

ஜனவரி 24, சனி

மேகமூட்டம். அறுவடை நேரத்தில் மழை வந்தால் மாமாவுக்கு (இவருடைய அப்பா) தூக்கம் போய்விடும்.

பெ.ப. மெயில்: தெளிவான பேச்சு, நல்ல தன்னம்பிக்கை. இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு சின்ன சந்திப்பு மட்டும், ஆன்லைனில், வரும் வியாழன் (29), நம் நேரம் மதியம் பன்னிரண்டு. பிள்ளையோடு ஐந்து நிமிடம் நேரில் பேச வேண்டும்.

நேரில் பேச வேண்டும். இதை மட்டும் எட்டு தடவை படித்தேன்.

அண்ணியிடம் போனில் சொன்னேன். "அன்னைக்கி ஜொரம்னு சொல்லிடு." அடுத்த வாரம்? "அடுத்த வாரமும் ஜொரம்னு சொல்லு." ஏப்ரலில் வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு? அண்ணிக்கு அங்கே வேறு வேலை வந்துவிட்டது.

டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார் இவர்.

ஜனவரி 25, ஞாயிறு

வரிச்சிக்குடி. மாமா வயலில் அறுவடை மெஷின். மழை வரவில்லை. களத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், சாக்கு, தார்ப்பாய், டீ கேன். மாமா இனியாவின் பிறப்புச் சான்று நகலை எடுத்துவைத்திருந்தார். "மேரியில போயி நானே வாங்கிட்டு வந்தேன்." நகராட்சி ஆபீஸ் அவருக்கு இன்னும் மேரிதான்.

பிறகு போனை எடுத்தார். இவர் அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் காலையிலிருந்து குழுவைத் திறக்கவே இல்லை.

"எங்க பேத்தி இங்கிலீஷ் பேசறத கேளுங்கப்பா" என்று சத்தத்தைக் கூட்டி எல்லாருக்கும் நடுவில் வைத்தார். மெஷினைக்கூட நிறுத்தச் சொன்னார்.

ஹலோ, மை நேம் இஸ் இனியா.

இனியா என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அவள் தலை, அவள் மயில், அவள் கை. குரல் ரோஷினி அக்கா. முழு இரண்டு நிமிடமும் அசையாமல் பார்த்தாள். சிரிப்பு, கைதட்டல். ஒரு அம்மா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "கெட்டிக்காரக் குட்டி! இப்ப ஒண்ணு சொல்லு பாப்பம்."

என் புடவை மட்டும் இறுகியது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு, காற்றில் பாதி காதில் விழாமல் கேட்டாள்: "அம்மா, அப்பா ஊருக்கு ரோஷினி அக்காவும் வருவாங்களா?"

இல்லம்மா, நாம மட்டும்தான்.

"அப்ப அங்க எனக்கு யாரு பேசுவாங்க?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாம். எனக்கு மூன்று நாள்தான் தாங்கியது.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். பள்ளியில் கொடி, மிட்டாய். இனியா மிட்டாயைத் தின்னாமல் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க பயம்.

மாலை அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஏழாம் பக்கத்தில் போட்ட 'இல்லை' உட்பட.



"கொரல் வேற மாதிரி இருந்துச்சு சுதா. இங்கிலீஷ்ல பேசுனா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு: "ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காமிச்சேன்." பிறகு: "எம் பிள்ள கொரலே எனக்குத் தெரியல பாரு." வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 27, செவ்வாய்

பெ.ப.வுக்கு எழுதினேன். வீடியோவில் உள்ள குரல் என் மகளுடையது அல்ல. வெளியாட்கள் முன் அவள் பேசுவதில்லை. மறைத்தது என் தவறு. நாலு வரிக்கு இரண்டு மணி நேரம்.

அதே கையோடு சி.ப. படிவத்தையும் திறந்தேன். அங்கேயும் அதே கேள்வி. 'ஆம்' போட்டேன். கீழே கொடுத்த கட்டம் போதாமல் தனித்தாளில் எழுதி இணைத்தேன்: யாரிடம் பேசுவாள், எங்கே பேசுவாள், என்ன செய்தால் வாய் அடைக்கும். செருப்புக்குப் பெயர் வைப்பதைக்கூட எழுதினேன்.

புதுச்சேரி டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். ஒரே போன். ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டது ஒரே போனில் முடிந்தது.

அவர் போன் இல்லை.

ஜனவரி 28, புதன்

பெ.ப. பதில்: நேர்மைக்கு நன்றி. தற்போது இடம் தர இயலாத நிலை. மிக மரியாதையான மெயில். மூன்று தடவை நன்றி.

அண்ணி: "கையில கெடச்சத யாராச்சும் இப்படித் தூக்கிப் போடுவாங்களா? உன் வாய்தான் உனக்கு எமன்." எங்கள் வீட்டில் ஒருத்திக்கு வாய் திறக்கவில்லை என்று கவலை, இன்னொருத்திக்குத் திறந்துவிட்டது என்று.

இன்றும் போன் இல்லை. ஏப்ரல் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். அழுதேன், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு. வெளியிலிருந்து இனியா: "அம்மா, டேங்க் காலியாயிடும்."

ஜனவரி 30, வெள்ளி

அங்கே விடுமுறை நாள். காலை பத்துக்கே அவர். நான் லேபில் இருந்தேன், எடுக்க முடியவில்லை. மாலை திரும்பக் கூப்பிட்டார்.

"பிள்ளைய பேசச் சொல்லாத. நான் இருக்கேன்னும் சொல்ல வேணாம், இல்ல, சொல்லிடு. பொய் வேணாம். போனை அடுப்படியில சும்மா வை. அவ வெளையாடற சத்தம் கேட்டா போதும்."

சொன்னேன். இனியா போனை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா முகம் தெரியுதா? தெரியாதும்மா, வெறும் போன். போய்விட்டாள். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. குக்கர் விசில்தான் கேட்டிருப்பார் பாவம். அப்புறம் பின்கட்டிலிருந்து, செருப்பைப் பார்த்து: "ஏய் மங்களம், வரிசையில நில்லுன்னு எத்தன தடவ சொல்றது?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்று புதுச்சேரி. டாக்டர் அம்மா அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தரையில் உட்கார்ந்து தன் பாட்டுக்குக் களிமண் பிசைந்தார். மாதம் இரண்டு தடவை வரச் சொன்னார். அங்கே போன பிறகும் ஆன்லைனில் பார்க்கலாமாம். அங்கே போவோமா என்பதே தெரியாது.

இன்று சி.ப. வகுப்பு மிஸ்ஸிடமிருந்து மெயில், கூடவே ஒரு குரல் பதிவு. இடம் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. இனியாவைப் பற்றி அறிந்த பிறகு முடிவு சொல்வோம் என்று மட்டும். பதிவு இனியாவுக்காம், எனக்கு அல்ல.

மெதுவான ஆங்கிலம். எங்கள் வகுப்பில் ஓர் ஆமை இருக்கிறது. பெயர் வைப்பதில் தினம் சண்டை. உனக்கு ஏதாவது தோன்றினால் சொல். எந்த மொழியிலும் சொல்லலாம். படமாக வரைந்தும் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆமைக்கு அவசரமில்லை.

இனியா நாலு தடவை கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் தமிழில் சொன்னபோதும் தலையாட்டினாள், அவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்த "சொல்லும்மா"வை விழுங்கினேன்.

பிப்ரவரி 2, திங்கள்

வெயில். துவைத்ததெல்லாம் காய்ந்துவிட்டது.

பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல்: "அந்த ஆமைக்கு செருப்பு உண்டா?" தெரியலையே. "நான் கேக்கறேன். போனைத் தா."

ரெக்கார்டரைப் போட்டுக் கொடுத்தேன். அறைக்குள் போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து தலை நீட்டினாள்.

"கதவ சாத்திக்கறேன். நீ கேக்கக் கூடாது. அப்புறமும் கேக்கக் கூடாது."

சரி என்றேன். கொல்லைக்குப் போய்த் துணி மடித்தேன். அவளுடைய வெள்ளை சாக்ஸை இரண்டு தடவை மடித்தேன்.

போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முறுக்கு டப்பாவைத் தேடிப் போய்விட்டாள். பதிவு நாற்பத்தொரு விநாடி. என்ன சொன்னாளோ, பாதி மூச்சுதானோ, எந்த மொழியோ. இதில்தான் சீட், டிக்கெட், ஏப்ரல் எல்லாம்.

கேட்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.