மோனிக்காவின் படமும் டிஸ்க் பெட்டியும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. மேகமலைப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, மழை இல்லை. நேற்று கல்லறைத் திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி வழிந்து, என் வீட்டுக்காரர் பெயரின் மேலேயே உறைந்துவிட்டது. போய்ச் சுரண்ட வேண்டும்.

பதினொரு மணிக்கு அடுத்த தெரு மோனிக்காவின் மகன் அருள் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவளைத் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

"வீட்ல வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாக, சித்தி." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு: "ஃபிளெக்சுக்கு ஒரு படம் வேணும். எங்ககிட்ட ஆதார் படந்தான் இருக்கு. சித்தப்பா எடுத்தது ஒங்ககிட்ட இருக்குமுல்ல?"

இருக்கும். இந்த ஊரின் கல்யாணம், புதுநன்மை, தேர் எல்லாம் அவர் எடுத்தவை. ஸ்டுடியோவை மூடியபின் நெகட்டிவ் அத்தனையையும் ஸ்கேன் செய்து, இரண்டு டிஸ்க் போட்ட கறுப்புப் பெட்டியில் ஏற்றி, வீட்டு இணையத்தில் மாட்டி வைத்துவிட்டுப் போனார். பழைய கணினியில் திறந்தது. புது லேப்டாப் அந்தப் பெட்டியை அண்டவிடுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் அவ்வளவு பழசு. கம்பெனியும் கைகழுவிவிட்டது.

தருகிறேன் என்றேன். வாய் முந்திக்கொண்டது.

பெங்களூரில் இருக்கும் மகன் சேவியரிடம் போனில் சொன்னேன். "கிறிஸ்துமசுக்கு வர்றப்ப பாக்குறேம்மா, நீங்க எதையும் தொடாதீங்க." அதுவரை மோனிக்காவைக் காத்திருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

டிஸ்க் ஒன்றைக் கழற்றி நேராக லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது. பிடுங்கிவிட்டேன்.

வேறு வழி இருக்கிறது. பெட்டிக்குப் புது இயங்குதளம். லினக்ஸ். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நம் பெட்டியின் பெயரும் பட்டியலில் உண்டு. செய்முறையை அச்செடுத்தேன். ஆங்கிலம் படு மோசம். சிவப்பு மையில் திருத்தி, பிறகு படித்தேன்.

- டிஸ்க் இரண்டையும் வெளியே எடுக்க. இடது, வலது என்று ஒட்டி வைக்க.
- பென்டிரைவ்.
- பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் மாட்ட. புது இயங்குதளத்தை உள்ளே எழுதி முடியும்வரை கரண்ட் போகவே கூடாது.
- சின்ன வெங்காயம், புளி.

மின்வாரியத்தில் விசாரித்தேன். நாளை மின்தடை இல்லை.

நவம்பர் 5, புதன்

புழுக்கம். பெட்டியின் பின்னால் இருக்கும் பொத்தானை ஊசியால் அழுத்திப் பிடித்து, விளக்கு சிவப்பாகும்வரை நின்று, கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். எல்லாம் சரியாக நடந்தது. எழுதத் தொடங்கியது. மேற்கே உறுமல் கேட்டது. மாடியில் துணி காய்ந்தது. ஏறினேன்.

இறங்கி வந்தால் பெட்டி இருட்டு. டிவி, ஃபிரிட்ஜ், எல்லாவற்றின் பிளக்கும் தரையில். வேலைக்கு வரும் பாண்டியம்மா விளக்குமாற்றோடு நிற்கிறாள், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

"யாரைக் கேட்டுப் பிடுங்கினே?"

"நீங்கதானம்மா சொன்னீக. இடி இடிச்சா எங்கிட்டக் கேக்காத, மொதப் பிளக்கப் புடுங்குன்னு. டிவி கருகுனதுலருந்து நான் ஒருக்கா விட்டதில்ல."

உண்மை. இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தவள் நான்.

மறுபடி மாட்டினேன். விளக்கு எரியவில்லை. பொத்தானுக்கும் அசையவில்லை. மழையும் பெய்யவில்லை.

பாண்டியம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "அந்த டப்பாக்குள்ள அய்யா படமெல்லாம் இருந்துச்சாம்மா?" டிஸ்க் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றேன். எனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

அந்த லினக்ஸ்காரர்களின் இணையக் குழுவுக்கு எழுதினேன். நடந்ததை வரிசையாக, கான்வென்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி நான்கு பத்தி. பதில் வந்தது, மொத்தம் மூன்று வரி, எங்கும் பெரிய எழுத்தே இல்லை. பெட்டி முழுதாகச் செத்திருக்காதாம். எழுந்ததும் முதல் சில நொடி அது கேபிள் வழியாக ஒரு கோப்பைத் தேடுமாம். அந்தக் கோப்பை அந்தப் பெயரில் லேப்டாப்பில் வைத்து, இரண்டையும் நேராக இணைத்தால் தானே எடுத்துக்கொள்ளுமாம்.

மரியாதை தெரியாத ஆள். நன்றி என்று மட்டும் எழுதினேன்.

அருளிடம் கேபிள் கேட்டதற்கு உத்தமபாளையம் போய் வாங்கி வந்தான். மோனிக்கா எப்படி என்றேன். "கண்ணத் தொறந்து பாக்குது. பேச்சில்ல."

நவம்பர் 8, சனி

நேற்று முழுக்க மழை, இடி. தொடவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. செபமாலையில் எத்தனையாவது மணி என்பது மறந்து, முதலிலிருந்து.

இன்று வெளிச்சம். பாண்டியம்மாவைப் பிளக் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். "இன்னிக்கு வானமே இடிஞ்சாலும் தொட மாட்டேன்மா." முதல் முறை வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கேபிளை மாற்றிக் குத்தியதும் விளக்கு சிமிட்டியது. எழுதி முடியும்வரை பாண்டியம்மா பிளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு டிஸ்க். இடது இடத்தில் இடது, வலது இடத்தில் வலது. ஒரு கட்டளை. வந்தது. அவர் போட்ட பெயர்களோடு, வருடவாரியாக எல்லாம்.

"அங்கன பாருங்கம்மா, எங்க ஆத்தா!" பாண்டியம்மா திரையைத் தொட்டுவிட்டாள். விரல் தடம். உடனே துடைக்கவில்லை, பிறகு துடைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசையில் அருள் சொன்னான், அவன் அம்மா நேற்று கஞ்சி குடித்தாளாம். படம் கிடைத்துவிட்டது என்றேன். இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். வாசலில் ஆட்டோ. இரண்டு பேர் தாங்கி மோனிக்காவை இறக்கினார்கள்.

"எம் படத்த நான் பாக்க வேணாமா? இவன் ஆதார் படத்தப் போட்ருவான். அதுல என்னையப் பொணமாவே எடுத்து வச்சிருக்காக. செத்த பெறகாவது உசுரோட இருக்கணுமுல்ல, ரெஜினா."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். இதில் காது தெரியவில்லை, இதில் கொண்டை கோணல், இதில் மாமியார் நிற்கிறாள். கடைசியில் ஒரு தேர்த் திருவிழாப் படம், வாய்விட்டுச் சிரிக்கிறாள். இதுதான் என்றாள்.

"தெளிவா இல்லை மோனிக்கா. பெரிசாக்கினா கலங்கும்."

"பொணத்துக்கு எதுக்குத்தா தெளிவு?"

அருள் கேட்டான்: "ஓரத்துல நிக்கிறது நீங்கதான சித்தி? வெட்டிக்கிரலாமா?" நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். போகும்போது மோனிக்கா: "ஒனக்கும் ஒண்ணு எடுத்து வச்சுக்க." என் படம் கிடையாது. அவர் கேட்கும்போதெல்லாம் தலை வாரவில்லை, புடவை சரியில்லை என்று தட்டிவிட்டவள்.

அவர்கள் போனபிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். மோனிக்கா கலங்கல்தான். ஓரத்தில் நான், வெள்ளைச் சட்டைப் பெண்பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டு. நெற்றியில் விழுந்த முடிகூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அவருக்கு ஃபோகஸ் தவறியதே இல்லை.

மோனிக்காவுக்கு வேறு படம் தேட வேண்டும்.