முடி இருந்ததா என்று கேட்கிறாள், அம்மா

என் அம்மாவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளாக உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தவிர நான் வேறு என்ன எழுதியிருக்கிறேன்? "ஊர்ல பொறக்கறது சாவறது எல்லாம் எம் புள்ள எழுதினாத்தான்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாய். அந்தப் பெருமை இப்போது எனக்கு எதற்கும் உதவவில்லை.

உன் பேத்தி கலைக்குக் குழந்தை பிறந்தது அம்மா. எட்டு மாதம் முடிந்து, உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தார், அதனால் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்டார்கள்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சின்னப் பெண், பொறுமையாகத்தான் பேசினாள். "ஐயா, பெத்தவங்களுக்கு ஒரு வாட்டி காட்டிடறது நல்லதுங்க. அக்காவுக்கு மயக்கம் தெளிஞ்சதும் காட்டலாமா? நீங்க பாக்கறீங்களா?" என்று துணியை விலக்கப் போனாள்.

"வேணாம்மா, மூடிடு. பாத்தா மறக்காது" என்றேன். உன் மருமகளையும் பார்க்க விடவில்லை. மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் நானும் தம்பியும் புதைத்துவிட்டு வந்துவிட்டோம். பெரிய மனுஷன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த வார்த்தை யாருடையது என்று உனக்குத் தெரியும். உனக்கும் இதுபோல் ஒன்று உயிரில்லாமல் பிறந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். மில்லிலிருந்து அப்பாவை அழைத்து வந்தார்கள். அவர் உன்னிடம் காட்டாமலே அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றி ஆற்றுப் பக்கம் கொண்டுபோனார். "பாத்தா மறக்காது" என்று உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. தெருவில் 'சாப்புள்ள' என்றார்கள். குழாயடிச் சண்டையில் அதையே எடுத்து உன் மேல் வீசினார்கள். அதனால் ரொம்ப நாள் அது ஏதோ வசவு என்றுதான் நினைத்திருந்தேன்.

யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் "பெத்தது நாலு" என்பாய். "மூணும்மா" என்று நான் திருத்துவேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே சொல்லை வேறு வேறு வேஷத்தில் பார்த்தேன். நீ பிரெஞ்சில் 'மேரி' என்று சொல்வாயே, அந்த நகராட்சி ஆபீசில், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேட்டைப் பெரிய கிளார்க் ஒருநாள் படித்துக் காட்டினார். 'உயிரின்றிக் கொண்டுவந்து காட்டப்பட்ட குழந்தை' என்று இருந்தது. அப்போதெல்லாம் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். பிறகு வந்த படிவங்களில் அது 'இறந்து பிறந்த குழந்தை' ஆனது. இப்போது நம் தெருவிலேயே 'ஸ்டில்பர்த்' என்கிறார்கள். உன் காலத்துச் சொல்லைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். படிவத்தில் ஆணா பெண்ணா என்று எழுத இடம் உண்டு, பெயர் எழுத இடம் கிடையாது. முப்பது வருஷம் அதை நிரப்பினேன், ஒரு நாள்கூட உறுத்தியதில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் கலைக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றட்டும் என்று உன் மருமகள் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டாள். கலை அழவில்லை. நான் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, பாப்பாவுக்கு முடி இருந்துச்சா?"

உன் கேள்வி அம்மா. நீ அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதே கேள்வி. உன் கதை அவளுக்குத் தெரியாது, அவளாகத்தான் கேட்டாள். நீ கேட்கும்போதெல்லாம் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். "கல்லு மனசுக்காரன்" என்று நீ திட்டுவாய். நானும் கலையிடம் "மாத்திர வாங்கியாறேம்மா" என்று கிளம்பிவிட்டேன்.

தெருமுனை வரை போன பிறகுதான் உறைத்தது. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். தெரியாததை எப்படிச் சொல்வார்? இத்தனை வருஷமும் நாம் இரண்டு பேரும் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ?

மறுநாள் அந்த நர்ஸைத் தேடிப் போனேன். அவள் என்னை மறக்கவில்லை. "தியேட்டர்லேர்ந்து சுத்தித்தாங்கய்யா குடுத்தாங்க. நீங்க பாத்திருந்தா கூடவே நானும் பாத்திருப்பேன்" என்றாள். உள்ளே கேட்டுவிட்டு வந்து, யாருக்கும் நினைவில்லை என்றாள். "இருந்துச்சுன்னு சும்மாவாச்சும் சொல்லேம்மா" என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், இந்த வயசில். அவள் என்ன செய்வாள், பாவம். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கருகருவென்று இருந்தது என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும் என்கிறான் தம்பி. சொல்லலாமா? அப்பா உன்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் உனக்கு ஆறியிருக்குமா? ஒன்றும் புரியவில்லை அம்மா. கலை குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். "நான் பாக்கலம்மா, பயந்துட்டேன்" என்று சொல்வேன். அவள் என்னை என்ன சொன்னாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, எழுந்து வெளியே போக மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

நீ பெத்த நாலு பேரில் மூத்தவன்.