தண்டவாளத்துக்குத் தெற்கே இரண்டாவது கல்லறை

இன்று காலை, நமக்கு வேலை தரும் கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து ஒரு படம் வந்தது. நம் ஊரை மேலிருந்து பார்க்கும் படம். நம் ஊர் என்றால் தேனி அல்ல. ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுக்காக நீயும் நானும் எட்டு மாதம் உட்கார்ந்து கட்டிய அமெரிக்கச் சிற்றூர். தண்டவாளத்துக்குத் தெற்கே சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: ‘சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு கல்லறைத் தோட்டம்? இதை எடுத்துவிடவும்.’

வட்டத்துக்குள் இருந்தது நீ வைத்தது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

பழனிசெட்டிபட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே நம் அறை. கீழே வார்னிஷ் வாடை, மேலே இரண்டு கணினி. "கம்பத்துக்கு ரயிலே கிடையாது, நாம அமெரிக்காக்காரனுக்கு ரயிலு விடுறோம் மாப்ள" என்று டீ கொண்டு வருபவர்களிடமெல்லாம் சொல்வாய். முதல் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றுச்சுவர் கட்டி, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து அனுப்பினோம். அங்கே சுவரும் கிடையாது, மொட்டை மாடியும் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு நீ ஒன்றையும் ஊகித்து வைக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தை உருப்பெருக்கி, எந்தத் தெருவில் தார் முடிந்து ஜல்லி ஆரம்பிக்கிறது என்று பார்ப்பாய். பெயிண்ட் உரிந்த வீடுகளைத் தேடித் தேடி வைப்பாய். "எல்லாம் அழகா இருந்தா அது காலண்டர்டா. ஊருன்னா ஒரு பக்கம் அசிங்கமாத்தான் இருக்கும்" என்பது உன் கணக்கு.

அப்படிப்பட்ட நீ, ஆதாரம் எதையும் பார்க்காமல் வைத்தது அந்த இரண்டாவது கல்லறை ஒன்றைத்தான்.

"ஏலே, இதென்ன ரெண்டு?" என்றேன்.

"ஊருன்னா ரெண்டு இருக்கும்ல."

"மொத்தமே நானூறு பேருடா. செத்தா ஒரே இடத்துல போட மாட்டானா?"

நீ மவுஸிலிருந்து கையை எடுத்தாய். "உங்க ஊருல ஒரே இடத்துலயா போடுறாக?"

நான் சிரித்தேன். இது அமெரிக்கா, நம்ம ஊர் இல்லை என்றேன். சரி, பார்த்துவிடலாம் என்று நாம் மாதிரியாக எடுத்துக்கொண்ட தென்மாநில ஊரின் பழைய பதிவுகளைத் தேடினோம். இருந்தது. வெள்ளையருக்குப் புல் வெட்டிய தோட்டம், தேவாலயத்தின் அருகில். கறுப்பருக்குத் தண்டவாளம் தாண்டி, வேலிகூட இல்லாத நிலம். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அங்கனயும் இதே கூத்துதானா" என்றாய்.

என்ன ஒரு மூளை என்று உன் முதுகில் தட்டினேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

உத்தமபாளையம் சாலையில் உன் பைக் மீது லாரி ஏறியதற்கு மறுநாள்தான் உன் ஊருக்கு முதன்முதலாக வந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து உன் பெட்டியைத் தூக்கினார்கள். நேரே தெரிந்த கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டைப் பார்த்து நான் முன்னால் நடந்தேன். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பின்னால் யாரும் இல்லை. பெட்டி வாய்க்கால் பக்கம் திரும்பி வெகுதூரம் போயிருந்தது. ஓடி வந்து உன் அண்ணனிடம் கேட்டேன், ஏன் இந்தப் பக்கம் என்று.

"அது மேலத் தெருக்காரவுக இடம் தம்பி. பூசைக்கு வந்தாக, பாத்தீகள்ல? குழி வரைக்கும் வர மாட்டாக."

சாமி ஒன்று, பூசை ஒன்று, மண் மட்டும் இரண்டு. இரண்டு வருடம் ஒரே இலையில் பரோட்டா தின்றோம். நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. என் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் ஆட்களின் சுடுகாட்டுக்குத் தகரக் கொட்டகை, சிமெண்ட் சாலை. மற்றவர்களுக்கு ஓடைக்கரை. அந்த வழியாகப் பிறந்ததிலிருந்து போய் வருகிறேன். அமெரிக்காவின் ஜல்லி தெரிந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

படத்தைப் பார்த்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"சார், அத எடுக்க முடியாது."

"ரயிலு ஓட்டறவன் அதையா பாக்கப் போறான்? எதுக்குங்க தம்பி வம்பு?"

"அந்த ஊர்ல இருந்துச்சு சார். ஆதாரம் அனுப்புறேன்."

"இருக்கட்டும். பாக்க நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்கக் கூடாது சார்."

எடுக்காவிட்டால் இந்த ஊரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன், அடுத்த ஊரும் உனக்குக் கிடையாது என்றார். கொடுங்கள், வருகிறவரும் ஆதாரத்தைப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

கோப்பைத் திறந்து, என்ஜின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், தெரியவில்லை. தண்டவாளத்துக்கும் கல்லறைக்கும் நடுவே நீ மரம் நட்டு மறைத்திருக்கிறாய். உண்மையை வைக்கவும் வேண்டும், யார் கண்ணிலும் படவும் கூடாது. எங்களைப் போன்றவர்களோடு பழகியதில் உனக்கு வந்த பழக்கம் அது. பதினோரு மரம். ஒவ்வொன்றாக அழித்தேன். இனி அந்த ரயிலை ஓட்டுபவன் ஊருக்குள் நுழையுமுன் அதைத்தான் பார்ப்பான். பதிவுகளையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். மறுபடி மரம் வைப்பார்களோ, கல்லறையையே எடுப்பார்களோ, தெரியாது. எடுப்பவர் தெரிந்தே எடுக்கட்டும்.

இனி எந்த ஊரைப் பார்த்தாலும் இரண்டாவது எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். மதியம் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"நம்ம கொட்டகைக்கு சிமெண்டு ரோடு போட்டாகளே, ஓடைக்கரைக்கு ஏம்ப்பா போடல?"

"திங்கிற நேரத்துல பேசுற பேச்சாடா இது?"

சரி, தின்று முடித்த பிறகு பேசுவோம் என்றேன். அவர் பாதிச் சோற்றோடு கை கழுவ எழுந்தார். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.